பின்பக்கத் தகடு

சிரிக்காத தம்பி. மெஷினத் திருப்புன்னா திருப்பு. முன்பக்கம் பளபளன்னு இருக்கறது எனக்கும் தெரியுது, எனக்குப் பின்பக்கம் பாக்கணும். ஆங், பாத்தியா, மெக்சிகோவுல பண்ணதுன்னு போட்டிருக்கு. பக்கத்துல இருக்கறதும் மெக்சிகோவா? சரி, விடு.

விளக்கமெல்லாம் வேணாம். வாஷிங் மெஷினப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா? உன் கடை நிக்கிற எடம் எதுன்னு தெரியுமா? எங்க ஃபேக்டரியில கார் நிறுத்துற எடம். நானும் என் வீட்டுக்காரர் வெர்னும் இங்கதான் வண்டிய விட்டுட்டு உள்ள போவோம். ஒஹாயோவுல பாதி வீட்டுல துணி தொவச்சது நாங்க பண்ண மெஷின்தான்.

வெல கொறஞ்சிருக்கா? யாரு இல்லன்னா? கொறஞ்ச வெலைக்கு வாங்கவும் ஊர்ல சம்பளம் வேணும்ல. ஃபேக்டரி மெக்சிகோவுக்குப் போச்சு, பின்னாலயே முடிவெட்டுற கடை போச்சு, ஆஸ்பத்திரியில பிரசவ வார்டு போச்சு. இப்ப புள்ள பெக்கணும்னா வலியோட பக்கத்து டவுனுக்கு ஓடணும். வரி கட்ட ஆளில்லாம ரெண்டு ஸ்கூல ஒண்ணாக்கிட்டாங்க. வீட்ட வித்துட்டுப் போலாம்னா எவன் வாங்குவான்? வெர்ன் இப்ப ஜெயில்ல காவலுக்கு நிக்கிறாரு, பாதிச் சம்பளம். கம்பெனிக்காரனுக்கென்ன, எவன் குடி கெட்டா அவனுக்கென்ன.

மெக்சிகோக்காரங்களயா? திட்டிருக்கேன், ஏன் பொய் சொல்லணும். வாய் வலிக்கத் திட்டிருக்கேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அவங்களுக்கும் பிச்சக்காசுதான் குடுக்கறான்னு.

இதயே எடுத்துக்கறேன். ஆனா பின்தகட்டக் கழட்டு. கேரன்டி போயிடுமா? போவட்டும். ஸ்க்ரூ டிரைவர் நீ எடுத்தாறியா, நான் கார்ல இருந்து எடுத்தாரட்டா? எங்க ஊர்ல மாமியாதான் மருமகளுக்கு மெஷின் வாங்கித் தரணும். கல்யாண மெஷின் வருதுன்னா வேல பாக்கறவங்க அத்தன பேரும் தகட்டோட உள்பக்கம் மெழுகுப் பென்சில்ல பேரெழுதி அனுப்புவோம். பொண்ணு கண்ணுக்குத் தெரியாது, ஆனா இருக்கும்.

டெலிவரி விலாசமா? எழுதிக்க. மொன்டெரே, மெக்சிகோ. என்ன முழிக்கிற? அங்கருந்து இங்க வரத் தெரியுது, இங்கருந்து அங்க போவத் தெரியாதா? எம்மவன் கர்ட் அங்கதான் இருக்கான். ஃபேக்டரியப் பிரிச்சு லாரியில ஏத்துனப்ப கூடவே போனவன் அவன்தான், அந்த ஆளுங்களுக்கு வேல கத்துக்குடுக்க. அவன்கிட்ட கத்துக்கிட்ட பொண்ணையே கட்டிக்கப் போறான். யெசேனியான்னு பேரு. மெஷினுக்குக் கதவு மாட்டுறாளாம். அதான் நான் பாத்த வேல.

பென்சிலக் குடு. வெர்ன் பேரயும் நானே எழுதிடறேன். மனுசன் வெளிய கார்லயே உக்காந்திருக்காரு, மவன் பேர எடுத்தாலே கார்க் கண்ணாடிய ஏத்திக்கறாரு.