உப்புப் போடாத பங்கு

கீரையை வேரோடு வாங்குவதுதான் நல்லது. அறுத்துக் கட்டிய கீரை மத்தியானத்துக்குள் துவண்டுவிடும். நான் வேலைக்குப் போகிறவள் என்பதால் காலையிலேயே வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். நடந்த எல்லாவற்றுக்கும் அந்தக் கீரைதான் காரணம் என்று என் நாத்தனார் சொல்கிறார். கீரை என்ன செய்யும், பாவம். செய்தது நான்.

என் பெயர் நாகவல்லி. காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன். யார் என்ன சாப்பிடலாம், எதை வாயில் வைக்கக் கூடாது என்று சொல்வது என் வேலை. என் எதிரில் உட்கார்ந்ததும் பெரிய பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் முத்தரசு மட்டும் அப்படி ஆகமாட்டார். கல்லூரிப் பக்கம் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். சர்க்கரை உண்டு, ஈரலில் கொழுப்பு உண்டு, தினமும் இலையில் கறி உண்டு.

எங்கள் ஹாலில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு மீன்தொட்டி இருக்கிறது. உள்ளே டிஸ்கஸ் மீன்கள். பக்கவாட்டில் பார்த்தால் தட்டு மாதிரி வட்டமாக, காப்பி நிற உடம்பில் நீலக் கோடு ஓடும். பண்ணையில் வளர்த்ததல்ல, அமேசான் காட்டில் பிடித்து விமானத்தில் வந்தவை. அவற்றில் பெரியதற்கு ஜமீன் என்று பெயர் வைத்திருந்தார். கடையிலிருந்து வந்தால் செருப்பைக் கழற்றுமுன்பே, "என்ன ஜமீன், சாப்டீகளா?" என்று கேட்பார். என்னிடம் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை, ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

ஜமீனுக்கும் மற்றவற்றுக்கும் சாப்பாடு ஆட்டு இதயமும் இறாலும். சேர்த்து அரைத்து, பையில் தட்டையாகப் பரப்பி, ஃப்ரீசரில் வைத்து ஒடித்துப் போடுவார். கொஞ்ச நாளில் மீன்கள் கறுத்துப்போய் மூலையில் ஒதுங்கின. வயிறு உப்பியது. வெள்ளை நூல் மாதிரி கழிந்தன. ஒன்று செத்தே போனது. அதைக் கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்துவிட்டு வந்து, மனுஷர் சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார். எனக்கே சங்கடமாக இருந்தது.

மறுநாள் அவருடைய கூட்டாளிகள் துக்கம் கேட்க வந்திருந்தபோது மெதுவாகச் சொன்னேன். "ஏங்க, கொஞ்சம் கீரையக் கலந்து போட்டுப் பாப்பமா? ஆத்துல வெள்ளம் வந்து காடு முங்குறப்ப இதுக பாசியும் அழுகுன இலையும் நெறையத் திங்குமாம். படிச்சுப் பாத்தேன்."

"ஆஸ்பத்திரில மனுசன் வாயக் கட்டுறது பத்தலயாக்கும்? இங்குட்டு வந்து மீனு வாயையுமா கட்டணும்? இது அமேசான்ல பொறந்தது தாயி. அரியக்குடியில பொறந்ததுன்னு நெனச்சியா, கீரை திங்க?"

கூட்டாளிகள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே காப்பி டம்ளர்களை எடுத்துப் போனேன். கோபம் எதுவும் இல்லை. நிதானமாகத்தான் தொடங்கினேன்.

கீரையை வெந்நீரில் ஒரு கொதி விட்டு எடுத்தேன். பட்டாணியைத் தோலுரித்தேன். வாசனைக்குப் பூண்டு, நிறம் மாறாமல் இருக்க ஒரு துண்டு பீட்ரூட், தண்ணீரில் கரையாமல் இருக்கக் கடல்பாசி. இதையெல்லாம் அவருடைய இறால் கலவையில் கொஞ்சமாகச் சேர்த்து அதே பையில் பரப்பி வைத்தேன். மீன்கள் வாயில் வாங்கின, துப்பின, திரும்ப வாங்கின, திரும்பத் துப்பின. நோயாளிகளும் முதலில் இப்படித்தான்.

அதனால் பட்டினி போட்டேன். "ஒங்களுக்குக் கடைக்கு நேரமாகுது, இனிமே நானே போட்டுர்றேன்" என்று சொல்லித் தீனிப் பொறுப்பை வாங்கிக்கொண்டேன். வளர்ந்த மீன் சில நாள் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஜமீன் கண்ணாடியில் மூக்கை வைத்து என்னையே பார்ப்பார். நான் எதிரில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவேன். கடைசியில் ஒருநாள் துப்பாமல் விழுங்கினார். பெரியவர் விழுங்கியதும் மற்றவையும் விழுங்கின. பிறகு ஒவ்வொரு தடவையும் இறாலைக் கொஞ்சம் குறைத்தேன், கீரையைக் கொஞ்சம் கூட்டினேன்.

வயிறு வடிந்தது. கறுப்பு தெளிந்தது. நீலக் கோடுகள் புதுச் சேலை ஜரிகை மாதிரி எழுந்து வந்தன. ஜமீனுக்கு ஜோடிகூடச் சேர்ந்தது. வீட்டுக்காரர் வீடியோ எடுத்துப் போட்டார். "எல்லாம் இறாலு செய்யிற வேல. காட்டு மீனுக்குக் கறிதான் மருந்து" என்று மதுரை, திருச்சி மீன்காரர்களுக்கெல்லாம் போனில் பாடம் நடத்தினார். நான் மறுத்துப் பேசவில்லை. குணமானால் போதும், பேர் யாருக்கு வந்தால் என்ன.

ஆனால் யோசனை என்று ஒன்று வந்துவிட்டால் அது ஒரு தொட்டியோடு நிற்பதில்லை. பிடிவாதம் பிடித்த ஒரு பிராணியைக் கீரைக்குப் பழக்கிவிட்டேன். வீட்டில் இன்னொன்று இருந்தது.

அவருக்குக் கோலா உருண்டை இல்லாமல் சோறு இறங்காது. அதில் கறியைக் குறைத்துக் கீரையும் பட்டாணியும் சேர்த்தேன். முதல் நாள் கடித்துப் பார்த்துவிட்டு, "கறிக்கடக்காரன் ஏமாத்திப்புட்டான்" என்று தட்டைத் தள்ளினார். நான் நேமத்தான்பட்டிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். ஃப்ரிட்ஜில் மீன் தீனியைத் தவிர ஒன்றும் இல்லாமல் துடைத்து வைத்துவிட்டுத்தான் போனேன்.

அவர் பரோட்டாக் கடைக்குப் போவார் என்று தெரியும். அதனால் போகும் வழியிலேயே பரோட்டாக் கடை ஏகப்பன் அண்ணனிடம் நின்று சொன்னேன். "அவுகளுக்கு மஞ்சக்காமாலைண்ணே. பரோட்டா, சால்னா குடுத்தீகன்னா பழி ஒங்க தலையிலதான் விழும்." ஏகப்பன் அண்ணன் நல்ல மனுஷர். பக்கத்துக் கடைகளுக்கும் அவரே சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் எங்கே போய் உட்கார்ந்தாலும் மோர்தான் வந்தது. "அடுப்பு அணைச்சாச்சு, மோரக் குடிங்க" என்று கண்ணை உற்றுப் பார்த்தார்களாம். பார்த்துப் பார்த்து அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் திரும்பி வந்தபோது ஹால் கண்ணாடி முன்னால் நின்று இமையைக் கீழே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மஞ்சளா தெரியுதா நாகு?"

"லேசா," என்றேன்.

அன்று கோலா உருண்டையைத் துப்பவில்லை.

இரண்டு அரைப்பு எதற்கு என்று ஒருநாள் தோன்றியது. ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் அலுப்பாகிவிடும். சரக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே மொத்தமாக ஒன்றாக அரைத்தேன். உப்புப் போடாத பங்கு மீனுக்கு, உப்பும் சோம்பும் பொட்டுக்கடலையும் போட்ட பங்கு அவருக்கு. "இன்னைக்குத்தான் ஒன் கை மணக்குது" என்று இன்னும் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சர்க்கரை இறங்கிவிட்டதாக டாக்டர் சொன்னார். "எல்லாம் கறி செய்யிற வேல டாக்டர்" என்று அங்கேயும் சொல்லிவிட்டு வந்தார்.

மாட்டிக்கொண்டது விருந்தாளியால்தான். மதுரையில் டிஸ்கஸ் வளர்க்கும் சத்தியப்பிரியா என்கிற பெண், வீடியோ பார்த்துவிட்டு ஜமீனைப் பார்க்க வந்திருந்தாள். வீட்டுக்காரர் பெருமையாக ஃப்ரீசர் பையைக் கொண்டுவந்து நீட்டினார். அவள் ஒரு துண்டை ஒடித்து, விரலில் நசுக்கி, மோந்து பார்த்தாள்.

"சார், இதுல முக்காவாசி கீரையும் பட்டாணியும்ல இருக்கு. காட்டு மீனுக்கு அருமையான கலவை. யாரு சொல்லிக் குடுத்தாக?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பலகாரத் தட்டை நீட்டினேன். அவள் ஒரு கோலா உருண்டையை எடுத்துக் கடித்தாள். பாதியில் மெல்வதை நிறுத்தி, பையைப் பார்த்தாள், உருண்டையைப் பார்த்தாள்.

"அக்கா, ரெண்டும் ஒண்ணா?"

"இதுல உப்பு இருக்கு," என்றேன்.

மறுநாள் சாக்கோட்டையிலிருந்து அவருடைய அக்கா பொன்னழகு மதினி விசாரிக்க வந்தார். வீட்டுக்காரர் தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். நான் இப்போது சொன்னதுபோலவே எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள்காமாலை இடம் வந்தபோது மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, திகைப்பா, தெரியவில்லை.

"ஏத்தா, கட்டுன புருசனுக்கு மீன் தீனியவா ஆக்கிப் போட்ட?"

"இல்ல மதினி. மீனுக்குத்தான் மனுசச் சாப்பாடு போட்டேன்."

மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "இனிமே அவன் சாப்பாட்டுல கைவைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றார். சத்தியம் செய்தேன். வீட்டுக்காரரும் இனி மத்தியானம், ராத்திரி இரண்டு வேளையும் கடைக்கு எதிர் மெஸ்ஸிலேயே சாப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

சத்தியத்தை மீறுகிறவள் நான் இல்லை. அதன்பிறகு அவர் சாப்பாட்டை நான் தொடவே இல்லை. அந்த மெஸ் நடத்துகிற கருப்பி அக்கா என்னிடம்தான் சர்க்கரைக்குப் பத்தியம் பார்க்கிறது. நான் சொன்னால் தட்டாது. கோலா உருண்டைக்கு அளவெல்லாம் வாய்மொழியாகவே சொல்லிக்கொடுத்துவிட்டேன். அந்தத் தெருவில் அங்கே சாப்பிடாதவர்கள் குறைவு. வாத்தியார்கள், பாங்க்காரர்கள், பஸ் டிரைவர்கள், எல்லோருக்கும் இப்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கிறது. வீட்டுக்காரர் நேற்று வந்து, "மெஸ் சாப்பாடு சாப்பாடுதான்" என்று எனக்குக் கேட்கும்படி ஜமீனிடம் சொன்னார்.

நான் ஜமீனுக்கு ஒரு துண்டு ஒடித்துப் போட்டேன். யாரையும் கட்டாயப்படுத்தும் பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது.