கருடசேவையன்று இரண்டு காவலர்

காஞ்சிபுரத்தில் திருவிழா இல்லாத மாதமே கிடையாது. வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு அது சந்தோஷம். காவல் ஆய்வாளருக்கு அது ஆள் பற்றாக்குறை. என் நிலையத்துக்கு அனுமதித்த பணியிடம் ஐம்பத்திரண்டு, இருந்தவர்கள் முப்பத்தொன்று. நீதிமன்றம், முக்கியஸ்தர் வருகை, கோயில் பந்தோபஸ்து, விடுப்பு எல்லாம் போக, தெருவில் நடக்க எனக்கு மிஞ்சியவர்கள் நான்கு பேர். இதைச் சாக்காகச் சொல்லவில்லை, ஐயா. காரணம் கேட்டீர்கள். காரணம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பெரியநாயகி அம்மாள் மீது எனக்கு மரியாதை உண்டு. செக்குமேட்டுத் தெருவில் ரவிக்கை தைப்பவர். கடைக்கு எதிரே பூட்டிக் கிடந்த தறிக்கூடத்தில், போதை விற்கும் விமல்ராஜின் ஆட்கள் வலி மாத்திரையைக் கரைத்துக் காசுக்கு ஊசியாகப் போட்டுவந்தார்கள். அம்மாளின் மருமகன், நல்ல நெசவாளி, அங்கேதான் கையில் ஊசியோடு செத்துக் கிடந்தான். அதன் பிறகு அவர் ஏழு மனு கொடுத்தார். ஏழாவதில் துப்பாக்கியைப் பற்றி எழுதியிருந்தார்.

“நாட்டுத் துப்பாக்கி சார். நானே பாத்தேன். துணியில சுத்தி வச்சிக்கினு இருக்கானுங்க,” என்றார். “எத்தினி வாட்டி எழுதிக் குடுக்கிறது? வாசல்ல ரெண்டு போலீஸ நிறுத்தக் கூடாதா?”

நியாயமான கேள்வி. அங்கே இரண்டு முறை சோதனை போட்டிருந்தேன். மூன்று வாசல் உள்ள கூடத்துக்குள் நான்கு பேரோடு நுழைந்தால் என்ன கிடைக்கும்? காலி ஊசிகள் கிடைத்தன. ஆள் கேட்டு மேலே ஐந்து கடிதம் எழுதினேன். கடைசியில் ஓர் அதிகாரி தொலைபேசியில் பொறுமையாக விளக்கினார்.

“உங்க லிமிட்ல ஒரு கொலைகூட இல்லியே வெங்கடேசன். வேற எடத்துல துப்பாக்கிச் சூடே நடந்துக்கினு இருக்குது. ஸ்பெஷல் டீமை அங்க அனுப்பாம உங்களுக்கா அனுப்புவேன்?”

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதும் சரிதான். அன்று மதியம் சாப்பிட்டு முடிப்பதற்குள் எனக்கு ஒரு தெளிவு வந்துவிட்டது.

வைகாசி கருடசேவைக்கு மூன்று நாள் முன்பு விமல்ராஜை விசாரணைக்கு அழைத்தேன். அம்மாளின் ஏழாவது மனுவை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு டீ குடிக்க வெளியே போனேன். பத்து நிமிடம். திரும்பி வந்தபோது அவன் அதே நாற்காலியில் மரியாதையாக உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது, கருடசேவையன்று எங்கள் ஆட்கள் எல்லோரும் வரதர் கோயில் பக்கம்தான் இருப்பார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். “சரி சார்,” என்றான். நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலை அம்மாள் நிலையத்துக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“அவனுங்க என்னை மொறைச்சிக்கினே இருக்கானுங்க சார். வாலாஜாபாத்ல சின்னப் பொண்ணு வூட்டுக்குப் போயி நாலு நாள் இருந்துட்டு வந்துர்றேன்.”

“எதுக்கும்மா? நாளைக்கு உங்க கடை வாசல்ல ரெண்டு பேரை நிறுத்துறேன். நீங்க கடையைத் தெறங்க. நீங்களே பயந்து போய்ட்டா அப்புறம் யாரு சாட்சி சொல்றது?”

அவர் கைகூப்பினார். “இது போதும்பா,” என்றார். அதுவரை என்னை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

சொன்னபடி அந்த இரண்டு பேரைப் பணிப்பட்டியலில் எழுதவும் செய்தேன். ஒருவர் காவலர் குணமாலா. மறுநாள் காலை ஆறு மணிக்கு இருவரையும் கோயில் கூட்டத்துக்கு மாற்றினேன். குணமாலா தயங்கி நின்றாள்.

“அந்த அம்மா தனியா இருப்பாங்களே சார்.”

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பதினோரு மணிக்குச் சுட்டார்கள். அம்மாள் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தபடியே இறந்திருந்தார். விமல்ராஜ் துப்பாக்கியைத்தான் எடுப்பான் என்று நான் நம்பியிருந்தேன். கத்தியாக இருந்திருந்தால் பயனில்லை. கத்திக்குத்துக்கு மேலிடத்தில் யாரும் நாற்காலியை விட்டு எழுவதில்லை.

மறுநாள் மாலைக்குள் பன்னிரண்டு பேர் கொண்ட சிறப்புப் படை வந்தது. இரண்டு வண்டி, ஒரு மோப்ப நாய். விமல்ராஜோடு பத்தொன்பது பேர் சிறைக்குப் போனார்கள். மூன்று துப்பாக்கிகள், சாக்குச் சாக்காக மாத்திரைகள் பிடிபட்டன. தறிக்கூடத்துக்குச் சீல் வைத்தோம். தெருப் பெண்கள் நிலையத்துக்கே வந்து எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

ஐம்பதாவது நாள் படையை வேறு மாவட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். இப்போது இரண்டு தெரு தள்ளி விற்கிறார்களாம். ஆள் கேட்டு மறுபடியும் எழுதினேன். பதில் வருவதற்குள் குணமாலா பணிப்பட்டியலை உங்களிடம் ஒப்படைத்துவிட்டாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. நல்ல காவலர்.

பெரியநாயகி அம்மாளைக் கொன்றது நான். சுட்டது விமல்ராஜ். அவனுக்கு ஆளைக் காட்டியதும், நாளைச் சொன்னதும், ஊரைவிட்டுப் போக இருந்தவரைப் பிடித்து நிறுத்தியதும் நான். இதில் மறைக்க எதுவும் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அந்தத் தெருவுக்குப் போலீஸ் வர வேண்டும் என்று அவரைவிட ஆசைப்பட்டவர் யாருமில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேட்டிருந்தால், அவரே சம்மதித்திருப்பார்.