காதுக்கு மேலே இரண்டு விரல்

தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையில் எதுவும் ஒட்டாது, சாமி. பயிற்சிக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். முந்தின நாள் சீயக்காய் போட்டுக் குளியுங்கள், பூ வைத்துக்கொண்டு வராதீர்கள். எலக்ட்ரோடு என்பது சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளித் தகடு, அதற்கு வால் மாதிரி ஒரு ஒயர், அவ்வளவுதான். மூளையில் ஓடும் மின்சாரத்தை அது கேட்கும். நடுவில் எண்ணெய் இருந்தால் கேட்காது.

புதன்கிழமை கல்யாணம் ஏன் நின்றது என்றுதான் கேட்டீர்கள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை என் மகள் ஜெர்லினுக்கும் ஆண்ட்ரூசுக்கும் மறுபடி கல்யாணம் வைக்கலாமா கூடாதா என்பது நான் சொல்வதைப் பொறுத்தது என்றீர்கள். அப்படியென்றால் முழுவதும் சொல்லிவிடுவதுதான் முறை. உபதேசியார் நிதானமாக எழுதிக்கொள்ளட்டும். ஜெர்லினும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவளும் கேட்கட்டும்.

எலக்ட்ரோடை வைப்பதற்கு அளவு இருக்கிறது. இரண்டு புருவத்துக்கும் நடுவில் மூக்குத்தண்டு தொடங்கும் பள்ளத்திலிருந்து, பின்மண்டையில் துருத்திக்கொண்டிருக்கும் முடிச்சு வரைக்கும் தையல் டேப்பால் அளக்க வேண்டும். பிறகு ஒரு காதின் முன்குழியிலிருந்து மறு காதின் முன்குழிக்கு, உச்சி வழியாக. இரண்டு அளவின் பாதியும் சந்திக்கிற இடம்தான் உச்சிப்புள்ளி. அங்கே கண்மையால் ஒரு புள்ளி வைத்து, முடியைப் பிரித்து, மணல் கலந்தது போன்ற ஒரு பசையால் தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, அப்புறம்தான் தகட்டை ஒட்ட வேண்டும். காது மடல்களில் பக்கத்துக்கு ஒரு கிளிப். நான் பத்தொன்பது வருடம் நாமக்கல்லில் லாரி பாடி பட்டறையில் அளவு போட்டவன். நடுக்கோடு ஒரு நூல் விலகினாலும், லோடு ஏற்றிய பிறகு வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். முதுகுவலி வந்து பட்டறையை விட்டதும், பெங்களூரில் ஆறு நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்து மூளைப் பயிற்சி மையம் தொடங்கினேன். லாரியை விட்டுவிட்டுத் தலைக்கு அளவு போடுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒட்டி முடித்ததும் எதிரே திரையில் ஒரு வண்டி தெரியும். மூளை நிதானமாக இருந்தால் வண்டி ஓடும், அலைபாய்ந்தால் நிற்கும். வண்டி ஓடுவதைப் பார்க்கப் பிடித்துப்போய் மூளை தானாகவே நிதானத்துக்குப் பழகிக்கொள்ளும். படகு, விமானம், லாரி என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இந்த மூன்று வருடத்தில் நாமக்கல்லில் ஒருவரும் படகைக் கேட்டதில்லை.

பழனியம்மாள் என் மையம் இருக்கிற கட்டடத்தின் சொந்தக்காரர். கீழ் வீட்டில் இருக்கிறார், கணவர் இல்லை, மகன் ஓமலூரில். மாடிப்படியில் யார் ஏறினாலும் அவர் பேச்சைத் தாண்டித்தான் ஏற வேண்டும். ஒரு நாள் அவரே மேலே வந்தார்.

"ஏனுங் தம்பி, மண்டைக்குள்ள ஒரே கூத்தா இருக்குதுங்க. எங்க அக்கா மருமவ இருக்கறாளே, அவ அன்னைக்குச் சொன்னதே இன்னும் ஓடிட்டே இருக்குது. என்ன சொன்னாங்கறீங்க, இருங்க, மொதல்ல அவ எதுக்கு வந்தாங்கறதச் சொல்லோணும்…"

உட்கார வைத்தேன். தலையில் எண்ணெய் அரைப்படி இருந்தது. நான் ஒயரை எடுக்கத் திரும்பிய நேரத்தில், உச்சியில் ஒட்டியிருந்த தகடு வழுக்கிக்கொண்டு இறங்கி, காதுக்கு மேலே இரண்டு விரல் தூரத்தில் போய் நின்றது. அந்த இடத்தில் ஒரு தசை இருக்கிறது. விரலை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துப் பாருங்கள், தட்டுப்படும். மெல்லவும் பேசவும் தாடையை இழுப்பது அதுதான். மூளையின் மின்சாரம் கிசுகிசுப்பு என்றால், அந்தத் தசையின் மின்சாரம் ஏர் ஹாரன். அங்கே தகடு உட்கார்ந்துவிட்டால் மெஷின் மூளையைக் கேட்காது, தாடையைத்தான் கேட்கும். பழனியம்மாள் வாயைத் திறந்தார், லாரி நின்றது. மூடினார், ஓடியது. மறுபடி திறந்தார், நின்றது. அவர் என்னைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். அப்புறம் இருபத்தோரு நிமிடம் வாயைத் திறக்கவே இல்லை.

நான் தகட்டை உச்சிக்கு ஏற்றியிருக்கலாம். அளவு தெரியாதவன் இல்லை. ஆனால் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற வண்டியை நடுரோட்டில் நிறுத்துவானேன் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாளும் அங்கேயே ஒட்டினேன். பதினெட்டாவது நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "வாயத் தொறந்தாவே வண்டி நின்னு போற மாதிரி இருக்குதுங்க தம்பி" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசிக் கேட்கவில்லை. மண்டைக்குள் இருந்த கூத்து போயிற்றா என்று கேட்டேன். பதில் இல்லை. போயிற்று என்று எடுத்துக்கொண்டேன்.

இருங்கள் சாமி, முடித்துவிடுகிறேன். பாதியில் கேட்டால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும்.

அடுத்தது என் மனைவி ரோசி. அவளுக்குச் சாவியை வைத்த இடம் மறந்துபோகும், அதற்காகத்தான் அழைத்துப் போனேன். அவளிடம் வேறு குறை கிடையாது. நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் மட்டும், "ஆமா, இத நூறு வாட்டி சொல்லியாச்சு, ரசம் ஊத்தட்டுமா?" என்பாள். இருபத்தாறு வருடம் நான் எதையும் சொல்லி முடித்ததில்லை. முப்பது அமர்வுக்குப் பிறகு எங்கள் வீடு பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி மாதிரி ஆகிவிட்டது. சாதம் போதுமா என்பதைக் கரண்டியால் சட்டி விளிம்பில் தட்டிக் கேட்கிறாள். ஒரு தட்டு என்றால் போதுமா, இரண்டு தட்டு என்றால் குழம்பு. பட்டறையில் நான் போட்ட அச்சு அளவுகளைப் பற்றி முதல்முறையாக ஆதியோடந்தமாகச் சொன்னேன். மூன்று நாள் ஆயிற்று. அவள் ஒரு முறைகூடக் குறுக்கே வரவில்லை. சாவிகள் இப்போதும் தொலைகின்றன. எங்கே என்று கேட்டால் பதில் வருவதில்லை.

ஆண்ட்ரூசைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். கோழித் தீவன கம்பெனியில் விற்பனைக்குப் போகிற பையன், பண்ணை பண்ணையாகப் பேசியே பிழைக்கிறவன். நிச்சயம் ஆன பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான்.

"மாமா, இது ஜேடர்பாளையத்து மீனுதானுங்க? நான் அப்பவே நெனச்சேன். அணைக்கட்டுல தண்ணி தொறக்கறப்ப நீங்க பாக்கோணும் மாமா…"

"தண்ணீர் திறந்தால் மீன் என்ன செய்யும் என்றால்…" என்று நான் ஆரம்பிப்பேன்.

"எகிறுமுங்க! செரியாச் சொன்னீங்க மாமா!"

நான் எகிறும் என்று சொல்ல வரவில்லை, சாமி. மேட்டைப் பார்த்து ஒதுங்கும் என்று சொல்ல வந்தேன். என் வாக்கியத்தை வாங்கி அவன் முடித்து வைத்தான், அதுவும் தப்பாக. வருடம் முழுவதும் இப்படித்தான். ஜெர்லின் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் அந்த மேசையில் அவள் என் பக்கம் திரும்பித்தான் உட்காருவாள்.

நான் அவனைக் கூப்பிடவில்லை என்பதை உபதேசியார் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். அவனேதான், "அத்தை எப்படி அமைதியாயிட்டாங்க பாருங்க! எனக்கும் ஒண்ணு மாட்டுங்க மாமா, கல்யாணத்துக்கு முன்னாடி மனசு கொஞ்சம் நெலையா இருக்கட்டும்" என்று வந்தான். எண்ணெய் வைக்காத, சுத்தமான தலை. உச்சியில் கச்சிதமாக நின்றிருக்கும். டேப்பை வைத்து அளந்து உச்சிப்புள்ளியைக் குறித்தேன், அது மரியாதைக்கு. அதன்பின் காதுக்கு மேலே இரண்டு விரலில் ஒட்டினேன். தலையை ஆட்டினாலும் ஒயர் இழுபட்டு லாரி நின்றுவிடும் என்பதால், அவன் தலையாட்டுவதையும் விட்டுவிட்டான். நாற்பது அமர்வு. வேலையில் ஒரு குறையும் வரவில்லை. இந்தப் பையன் கதை அளக்காமல் சும்மா நிற்கிறான், சரக்கு நல்லதாகத்தான் இருக்கும் என்று பண்ணைக்காரர்கள் நம்பி வாங்குகிறார்களாம். மேலதிகாரியே பாராட்டியிருக்கிறார்.

புதன்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும். "ஆண்ட்ரூஸ், ஜெர்லினை உன் மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறாயா?" என்று கேட்டீர்கள். பீடத்தில் எரிந்த மெழுகுவர்த்தி வெளிச்சத்தை அவன் திரையைப் பார்ப்பது போல நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டாம் முறை கேட்டீர்கள். பின்வரிசையிலிருந்து அவன் சிநேகிதன் ஒருவன், "மாப்ள, டவர் கெடைக்கலியாடா?" என்றான். மூன்றாம் முறை கேட்டபோது அவன் அம்மா எழுந்து, "டேய், சொல்லித் தொலைடா, பிரியாணி ஆறுது!" என்று கத்தினார். பாடற்குழு ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டு நன்றிப் பாட்டைத் தொடங்கிவிட்டது. குறிப்பால் காட்டினாலும் போதும், தலையையாவது ஆட்டு என்று அவனிடம் சொன்னீர்கள். அதையும்தான் அவன் விட்டுவிட்டிருந்தானே.

எல்லோரும் பதறினார்கள். நான் பதறவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடம் பத்து விநாடி, தாடை ஒரு நூல்கூட அசையவில்லை. அத்தனை பேர் கூச்சலிடும்போது ஒரு மனிதன் அப்படி நிற்பது லேசான காரியமில்லை. என்னிடம் வந்தவர்களில் அவன்தான் முதல்தரம்.

அதன்பிறகு உபதேசியார் ஆண்ட்ரூசின் இடது காதுக்கு மேலே ஒரு ரூபாய் அளவுக்கு முடி தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். ரோசிக்கும் அதே இடத்தில். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பழனியம்மாளுக்கும் அதே இடத்தில். தினமும் பசை போட்டுத் தேய்த்தால் முடி போகத்தான் செய்யும், வகுப்பிலேயே சொன்னார்கள். நான் மறைக்கவில்லை. மூன்று பேருக்கும் நான்தான் செய்தேன். வீட்டில் அமைதி வேண்டும் என்று ஞாயிறுதோறும் நீங்களே பிரசங்கம் செய்கிறீர்கள். நாற்பது நிமிடம் செய்கிறீர்கள். நான் அதை நடைமுறைப்படுத்தினேன், அவ்வளவுதான்.

சரிசெய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும். அதே இடத்தில் ஒட்டி, வாயைத் திறந்தால் மட்டும் லாரி ஓடும்படி மெஷினில் மாற்றிவிட்டால் போதும். பழைய பேச்சு முழுவதும் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். ஆனால் திங்கட்கிழமைக்குள் "ஆம், சம்மதிக்கிறேன்" என்று இரண்டு வார்த்தை வரவழைத்துவிடலாம். செய்து தருகிறேன். நான் அநியாயக்காரன் இல்லை.

ஆனால் அவன் சொன்ன பிறகு நீங்கள் பெண்ணிடம் கேட்பீர்கள். அங்கே ஒரு சின்னத் தொந்தரவு இருக்கிறது.

உபதேசியார் ஏன் அப்படிப் பார்க்கிறார்? ஆமாம், ஜெர்லின் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியிருக்கிறாள். அதே இடம்தான். பழனியம்மாள் தலையில் தகடு வழுக்கியது தற்செயல்தான், ஆனால் அதுதான் முதல் முறை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. மெஷின் வந்த அன்று பழகிப் பார்க்க எனக்கு ஒரு தலை வேண்டியிருந்தது. ஜெர்லினை உட்கார வைத்து, உச்சிப்புள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விளக்கிக்கொண்டே ஒட்டினேன். விளக்குகிற மும்முரத்தில் கை எங்கேயோ போய்விட்டது.

"அப்பா, உச்சின்னு சொல்லிட்டு காதுகிட்ட ஒட்டறீங்களேப்பா, அது அங்க இல்லப்பா" என்றாள்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போது சொன்னாள். தகடு இருக்கிற இடம்தான் சரி என்று சொல்லி அங்கேயே விட்டேன். ஒரு தகப்பன் சொன்ன பிறகு அதை மாற்றி ஒட்ட முடியாது, அல்லவா? மறுநாளும் அங்கேதான் ஒட்ட வேண்டியதாயிற்று. தொண்ணூறு அமர்வு.

அதற்கு மேல் அவள் எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. பெண் பார்க்க வந்தபோது ஆண்ட்ரூசின் அம்மா, "எவ்வளவு அடக்கமான பொண்ணு" என்று வாய் நிறையச் சொன்னார். ஒரு வருடம் ஆண்ட்ரூஸ் அவளோடு போனில் பேசியிருக்கிறான். மறுமுனையிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை என்பதைக் கவனிக்க அவனுக்கு இடைவெளி கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு முன் இதே அறையில் இருவரையும் உட்கார வைத்து நீங்கள் கேள்வி கேட்டபோதும், இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே பதில் சொன்னான். நீங்களும் கேட்டுக்கொண்டீர்கள்.

அவளுக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பமா என்று அவளையே கேட்க வேண்டும் என்கிறீர்கள். தேவையில்லை, சாமி. அவள் மனதில் இருப்பது எனக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தினமும் மாலையில் என் எதிரே உட்கார்ந்து நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள், பிடிக்காமலா இருக்கும்? இங்கிருந்து போவதில் அவளுக்கு அப்படியொன்றும் அவசரம் இருக்காது.

உபதேசியார் ஏன் பேனாவை அவளிடம் கொடுக்கிறார்? சரி, கொடுக்கட்டும். கையெழுத்து அழகாக இருக்கும் அவளுக்கு. மெதுவாக எழுதம்மா, தாள் கிழிந்துவிடப் போகிறது.

மூன்றாவது தாள் கேட்கிறாள். இவ்வளவு எழுத என்ன இருக்கிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை, சாமி. எல்லாவற்றையும் நான்தான் சொல்லிவிட்டேனே.