விளிம்பில் உள்ள பெயர்

வெள்ளியைச் சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்க்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் சாஹிப். உங்கள் வீட்டிலும் சொல்லிவையுங்கள்.

நான் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்ட சீக்கியச் சிப்பாய்களின் மெடல்களைச் சேகரிக்கிறேன். மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். அலமாரியில் நூற்றுப் பன்னிரண்டு சிப்பாய்கள் இருப்பதால், வீட்டில் ஆளில்லை என்று சொல்ல முடியாது.

மெடலில் இருக்கும் ராணியின் தலைக்கு மதிப்பில்லை. மதிப்பெல்லாம் விளிம்பில். சுண்டுவிரல் நக அகலம்கூட வராத அந்த இடத்தில்தான் சிப்பாயின் எண்ணையும் பெயரையும் படையையும் பொறித்திருப்பார்கள். ஒருவன் வாங்கியதை இன்னொருவன் குத்திக்கொண்டு திரியக் கூடாதாம். சாம்ராஜ்யம் செத்தவனைக்கூட நம்பியதில்லை. விளிம்பு தேய்ந்துவிட்டால் மிச்சம் வெறும் வெள்ளி வில்லை.

என்னிடம் சிப்பாய் நத்தா சிங்கின் மெடல் ஒன்று உண்டு. எண் 2847. நன்னடத்தைக்காகக் கொடுத்தது, அதாவது பதினெட்டு வருஷம் வசவு வாங்கியும் வாயைத் திறக்காததற்கு. ஆப்கான் எல்லையில் தீரா என்ற மலைப்பகுதியில் நடந்த போரில் அவர் வாங்கிய இன்னொரு மெடல், ஃபில்லோர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவருடைய பேரனிடம் இருப்பதைப் பதினோரு வருஷம் தேடிக் கண்டுபிடித்தேன். பிரிந்த மெடல்களைச் சேர்த்துவைப்பதைவிடப் பெரிய புண்ணியம் எங்கள் கூட்டத்தில் கிடையாது.

பேரனுக்கு எண்பத்துநாலு வயது. மூன்று குளிர்காலம், ஞாயிறு தவறாமல் போனேன். அந்த வாசலை மிதிக்க வேறு ஆளில்லை.

"வா மாஸ்டர்ஜி. எம் பசங்க கனடாவுல பனி வாரிக்கிட்டுக் கெடக்கானுங்க. நீயாவது வந்தியே" என்பார். கடுகுக்கீரையும் சோளரொட்டியும் வைத்து, வெண்ணெயைக் கட்டியாகப் போடுவார்.

"அந்த மெடலைக் குடுத்துடுங்க, பாபாஜி."

"ஏன், ஒன் நெஞ்சுல எவனும் ஒண்ணும் குத்தலையா? அடுத்தவன் தாத்தாவோடதக் கேக்குற." சிரிப்பார். பிறகு என் முகத்தைப் பார்த்து இறங்கிவருவார். "சரி, நான் போனப்புறம் ஒனக்குத்தான். பசங்ககிட்ட போன்ல சொல்லிட்டேன். போதுமா?"

போதும்தான். நியாயமான மனிதர். ஆனால் குருமார்களின் பிறந்தநாள் வந்தால் மெடலைத் தேய்க்க உட்கார்ந்துவிடுவார். தாத்தாவுக்குச் செய்யும் மரியாதை. முதல் குளிர்காலத்தில் விளிம்பை வெறுங்கண்ணால் படித்தேன். அடுத்ததில் பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது. இந்த ஜனவரியில் அவரே தூக்கிக் காட்டினார்.

"பாத்தியா, கண்ணாடியாட்டம்! ஓரத்துல ஏதோ சொரசொரப்பு இருந்துச்சு. அடுத்த தடவை அதுவும் போயிரும் பாரு."

அவருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. அது உங்கள் தாத்தாவின் பெயர் என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் உயிர் போனாலும் கொடுத்திருக்க மாட்டார். சேகரிப்பவன் அதையெல்லாம் சொல்வதில்லை.

சாப்பிட்டதும் முற்றத்து வெயிலில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தார். திடமான உடம்பு, இன்னும் பத்து வருஷம் தாங்கியிருக்கும். வருஷத்துக்கு நாலு தடவை தேய்த்தால் நாற்பது. குளிருது என்றார். பஞ்சு ரஜாயை இழுத்துப் போர்த்தினேன். முகத்துக்கும் சேர்த்து. கையை உடனே எடுக்கவில்லை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது வருஷத்தில் என்னை யாரும் அவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை.

இப்போது இரண்டு மெடலும் சேர்ந்துவிட்டன. உங்கள் கான்ஸ்டபிளை விரலால் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள், வியர்வை ஆகாது. எனக்கு ஒரே ஒரு குறை, ஞாயிற்றுக்கிழமை எங்கே போவதென்று தெரியவில்லை.

வாக்குமூலத்தில் இறந்தவரின் பெயரை என் வாயாலேயே சொல்ல வேண்டும் என்கிறீர்கள். மூன்று குளிர்காலம் அவர் கையால் சாப்பிட்டவனுக்கா தெரியாது என்று சிரிக்கிறீர்கள். பாபாஜி என்றுதான் கூப்பிட்டேன். மெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும்விட்டேன், சாஹிப்.

விளிம்பில் அது இல்லை.