இழுப்பறையில் இருந்த பதினொரு பேட்ஜுகள்

சம்பவம் எந்தத் தேதியில் நடந்தது? காவல் ஆய்வாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. எனக்குத் தெரியாது. விரல்கள் கருகிய பெண்ணுக்கும் தெரியாது, அவளுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. தேதியைச் சொல்லாவிட்டாலும் எந்த மாதம், எவ்வளவு என்பதைச் சொல்வதற்கென்றே ஒரு பொருளை எங்கள் நிறுவனம் ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கிறது. அந்தப் பொருள் அப்போது எங்கே இருந்தது என்பதைப் பதிவு செய்யவே இந்த வாக்குமூலத்தைத் தருகிறேன்.

எனக்கு வயது நாற்பத்தொன்பது. இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவள். அணுசக்தி ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் முனைவர் பட்ட மாணவர்களுக்கான பயிற்சிப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். என் பெயர், வீட்டு முகவரி, நிறுவனத்தின் பெயர் ஆகியவை தனித்தாளில் எழுதி உறையிலிட்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. பாதிக்கப்பட்ட மாணவியின் பெயரும் அதே உறையில் உள்ளது. அவளுக்கு வயது இருபத்தொன்பது, நான்காம் ஆண்டு மாணவி. உயரம் குறைவு என்பதால் சேர்ந்த முதல் வாரத்திலேயே மற்ற மாணவர்கள் பட்டாணி என்று பெயர் வைத்தார்கள். இங்கும் அவளை அப்படியே குறிப்பிடுகிறேன். எனக்கும் அவளுக்கும் உறவு கிடையாது. எனக்கும் நிறுவன இயக்குநருக்கும் இந்தச் சம்பவத்துக்கு முன்பு விரோதமும் கிடையாது.

எங்களிடம் படித்து முடிப்பவர்கள் அணுமின் நிலையங்களுக்கும் கழிவுக் கிடங்குகளுக்கும் கண்காணிப்பு அலுவலகங்களுக்கும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு முதலாண்டில் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பாடம் எடுப்பது நான். கதிர்வீச்சு உள்ள அறைக்குள் போகும்போது மார்பில் பேட்ஜ் அணிய வேண்டும். உடம்பில் பட்ட கதிர்வீச்சை அது சேமித்து வைக்கும், மாதக் கடைசியில் அதைக் கருவியில் படிப்பார்கள். மாணவர்களுக்கு வருட வரம்பு உண்டு. வரம்பை எட்டியவர் அந்த ஆண்டு முழுவதும் ஆய்வகத்துக்குள் நுழையக் கூடாது. இதைத்தான் பத்தொன்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.

பட்டாணியின் ஆய்வு, உலைக்குள் பல ஆண்டுகள் இருந்த எஃகு எந்த விசையில் உடைகிறது என்பது பற்றியது. கட்டைவிரல் நகம் அளவுள்ள எஃகுத் துண்டை ஈயச் செங்கல் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நீளமான இடுக்கியால் எடுத்து, இயந்திரத்தில் பொருத்தி, உடைத்து, திரும்ப எடுத்து வைக்க வேண்டும். ஒரு துண்டை முறைப்படி முடிக்கும்போது வருட வரம்பில் ஆறில் ஒரு பங்கு உடம்பில் ஏறும். முதல் ஆண்டு பாடங்களுக்கே போய்விடும். மீதி மூன்று ஆண்டுகளில் ஒருவர் பதினெட்டுத் துண்டுகளை உடைக்கலாம். ஒப்புதல் பெற்ற ஆய்வுத் திட்டத்தில் முப்பது துண்டுகள் என்று இருக்கிறது. இந்தக் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வரும். ஒப்புதல் குழுவில் முனைவர்கள் ஐந்து பேர் இருந்தோம். அவளுடைய நெறியாளரான இயக்குநர் தலைமை வகித்தார். திட்டத்தைத் தட்டச்சு செய்து கொண்டுபோய் வைத்தவள் நான்.

அவளுக்கு முன்பு ஏழு பேர் அதே திட்டத்தில் முப்பது துண்டுகளையும் முடித்துப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். ஏழு பேரின் பேட்ஜ் அறிக்கையிலும் எல்லா மாதமும் சைபர். மாணவர்களைக் கதிர்வீச்சிலிருந்து காப்பதில் முதலிடம் என்று நிறுவனத்துக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம் என் அறைக்கு எதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் கதவைத் திறக்கிறேன்.

சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டு, பேட்ஜுகளைப் படிக்கும் அலுவலர் மாத அறிக்கையோடு என் அறைக்கு வந்தார். எல்லோரும் அவரைப் பேட்ஜ்காரர் என்பார்கள். அதிகம் பேசாதவர். அன்று கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"மேடம், பட்டாணி பேட்ஜைப் படிச்சேன். நம்ம வராந்தாவுல சும்மா ஒரு பேட்ஜ் தொங்குது பாருங்க, அதை விடக் கம்மியா காட்டுது."

அந்தச் சும்மா பேட்ஜை யாரும் அணிவதில்லை. மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் இயல்பாக வரும் சிறிய அளவைத் தெரிந்துகொண்டு மற்ற பேட்ஜுகளில் கழிப்பதற்காக அதை ஆணியில் மாட்டியிருக்கிறோம். எஃகை உடைக்கும் பெண்ணின் பேட்ஜ் ஆணியில் தொங்குவதை விடக் குறைவாகக் காட்டியது.

"அது எப்படிங்க?" என்று கேட்டேன்.

"ஈயத்துக்குள்ள கிடந்தா அப்படித்தான் காட்டும். கழிச்சுப் பாத்தா சைபருக்குக் கீழ போகுது. கம்ப்யூட்டர் அதைச் சைபர்னு அச்சடிச்சுரும். எனக்கு ரிட்டயராக ரெண்டு வருஷம் இருக்கு மேடம். உங்க காதுல போட்டுட்டேன்."

அதன் பிறகு பட்டாணியை அழைத்துப் பேட்ஜ் எங்கே என்று கேட்டேன்.

"தூங்குது மேடம்" என்று சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "சீனியர் அக்கா முதல் நாளே சொல்லிட்டாங்க. பேட்ஜைத் தூங்க வச்சுட்டு வேலையைப் பாரு, அது முழிச்சுக்கிட்டா உன்னை வீட்டுக்கு அனுப்பிடும்னு. எங்க லேப்ல எல்லாரும் அப்படித்தான்."

"சாருக்குத் தெரியுமா?"

"சார் கதவுல நின்னு, 'எல்லாம் தூங்கியாச்சா?'ன்னு கேட்டுட்டுத்தான் மேடம் போவார்."

நாளையிலிருந்து பேட்ஜை அணிந்துதான் உள்ளே போக வேண்டும் என்று சொன்னேன்.

"போட்டுக்கறேன். மீதி பன்னெண்டு துண்டை நீங்க உடைச்சுத் தர்றீங்களா?"

அவள் அதை மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. அதன் பிறகு இயக்குநருக்கு ஒரு குறிப்பு எழுதினேன். அவர் என்னை அழைத்து, குறிப்பை என்னிடமே திருப்பிக் கொடுத்து, "சைபருக்கு யாராவது விளக்கம் கேப்பாங்களா மேடம்? அதிகமா இருந்தா எழுதுங்க" என்றார். குறிப்பை வாங்கி என் கோப்பில் வைத்தேன், அந்த மாத அறிக்கையில் கையெழுத்திட்டேன். அதன் பிறகு மொத்தம் இருபத்திரண்டு மாத அறிக்கைகளில் கையெழுத்திட்டிருக்கிறேன். யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை. குறிப்பின் அசலை ஆய்வாளரிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

சென்ற மாதம் ஐந்தாம் தேதி காலை பட்டாணி அரையாண்டுப் படிவத்தில் கையெழுத்திட என் அறைக்கு வந்தாள். பேனாவைக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் பிடித்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் சிவந்து வீங்கியிருந்தன. கேட்டதற்குச் சூடான தட்டைத் தொட்டுவிட்டேன் என்றாள். எங்கள் ஆய்வகத்தில் சூடான தட்டு எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். மருத்துவரிடம் போ என்று மட்டும் சொன்னேன்.

பதினான்காம் தேதி விரல்கள் கொப்புளித்துத் தோல் உரிந்த நிலையில் வந்தாள். அதன் பிறகு நானே அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். கதிர்வீச்சுப் பட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தோல் இப்படி ஆகும் என்று சொன்ன மருத்துவர், எந்தத் தேதி, எவ்வளவு பட்டது என்று கேட்டார். அவள் யோசித்துப் பார்த்தாள். இடுக்கியின் பல் தேய்ந்து பிடி நழுவிக்கொண்டிருந்ததாகவும், வேறு இடுக்கி கேட்டு எழுதியும் வரவில்லை என்றும், உடைந்த பாதி இயந்திரத்தில் சிக்கிக்கொண்டபோதெல்லாம் கையுறையோடு விரலாலேயே நெம்பி எடுத்ததாகவும் சொன்னாள். "ஒரு அஞ்சாறு தடவை இருக்கும் டாக்டர். எதுல பட்டுச்சுன்னு தெரியலை." பேட்ஜ் மார்பில் இருந்திருந்தால் முதல் தடவை நடந்த மாதமே எண் ஏறியிருக்கும். ஏறியிருந்தால் இரண்டாம் தடவை நடந்திருக்காது.

சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு இயக்குநர் தம் அறைக்கு அழைத்தார். சட்ட அலுவலரும் இருந்தார். மாணவி யாருக்கும் தெரியாமல் தன் பேட்ஜை மறைத்துப் பதிவுகளைத் திரித்ததாகக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். அது உறுதியானால் அவள் பதிவு ரத்தாகும், பணியிட விபத்து என்ற வகையில் கிடைக்க வேண்டிய சிகிச்சையும் நின்றுபோகும். மாணவிக்கு முறையான பயிற்சி அளிக்கப்பட்டது, அவள் தன்னிச்சையாக விதியை மீறினாள் என்று தட்டச்சு செய்த தாளை என் முன் வைத்தார்கள். கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது.

"நீங்க பாடம் எடுத்தீங்களா இல்லையா?" என்று சட்ட அலுவலர் கேட்டார்.

"எடுத்தேன்."

"அப்புறம் என்ன? உள்ளதைத்தானே எழுதியிருக்கோம்."

"தன்னிச்சையான்னு எழுதியிருக்கீங்களே. தினம் கதவுல நின்னு தூங்கியாச்சான்னு கேட்டது யாரு?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், ஒரு பொண்ணு மேல பரிதாபப்பட்டு ஏழு பேர் பட்டத்தை ரத்து பண்ணப் போறீங்களா? அவங்க எல்லாம் இன்னிக்குப் பெரிய இடத்துல இருக்காங்க. உங்க கையெழுத்தும் இருபத்திரண்டு இருக்கு, மறந்துடாதீங்க."

"மறக்கலை சார். எண்ணி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தாளை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அதன் பிறகு பேட்ஜ்காரரை உடன் அழைத்துக்கொண்டு நாலு பத்துக்கு ஆய்வகத்துக்குச் சென்றேன். ஜன்னலோரம் ஈயத் தகடு பதித்த இழுப்பறை ஒன்று உண்டு. முன்பு சோதனைப் பொருள்கள் வைத்திருந்து, அவை வேறு அறைக்கு மாறிய பிறகு காலியாக இருக்கிறது என்று பதிவேட்டில் உள்ளது. அதைத் திறந்தேன். அட்டையால் பதினொரு அறைகள் தடுத்து, ஒவ்வொன்றின் முன்னும் ஒட்டுத்தாளில் ஒரு பட்டப்பெயர் எழுதியிருந்தது. பதினொன்றிலும் பேட்ஜ் இருந்தது. மருத்துவமனையில் படுத்திருக்கும் பட்டாணியின் பேட்ஜும் இருந்தது. ஒருத்தி தனியாக மறைத்ததற்கு எதற்குப் பதினொரு அறை என்று இந்தப் புகாரை எழுதியவர்களிடம் கேட்க வேண்டும்.

கடைசி இரண்டு அறைகளின் ஒட்டுத்தாள் புதியது. அவை ஆய்வகப் பணியை அப்போதுதான் தொடங்கியிருந்த இரண்டு மாணவர்களுடையவை. பாதுகாப்புப் பாடத்தை நான் அவர்களுக்கு முடித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தேர்வில் இருவரும் நூற்றுக்கு நூறு.

பேட்ஜ் எண்களை நான் வாசிக்க, பேட்ஜ்காரர் எழுதினார். "ரெண்டு வருஷம் முடியப்போகுது, அதுக்குள்ள என்னையும் இழுத்து விட்டுட்டீங்க" என்றார். ஆனால் கையெழுத்திட்டார். படம் எடுத்தோம். இழுப்பறையைப் பூட்டிச் சாவியை எடுத்துவந்து அன்று மாலையே காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். ரசீது என்னிடம் இருக்கிறது.

மறுநாள் புதன்கிழமை. காலை பத்து மணிக்குப் பட்டாணியின் வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டாம் கணுவரை அகற்றப்பட்டன. அறுவைக்கூடத்துக்கு வெளியே அவள் தாயார் இருந்தார். அவர் தையல்காரர். என்னைப் பார்த்ததும் தம் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"நாப்பது வருஷமா ஊசியும் கத்திரியுமா இருக்கேன். பத்தும் இருக்கு. நீங்கதானே பாடம் எடுத்தீங்க? என்னத்தம்மா சொல்லிக் குடுத்தீங்க?"

விதிகளைச் சொல்லிக்கொடுத்தேன் என்றேன்.

"அப்புறம்?" என்றார்.



பிற்பகல் இரண்டரை மணிக்கு நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து, ஒழுங்கு நடவடிக்கை பற்றிய கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்குப் பட்டாணியின் கையெழுத்தைக் கேட்டார். அவள் வலது கை முழங்கைவரை கட்டுப்போட்டிருந்தது. ஆய்வேட்டில் நூற்றெழுபது பக்கம் எழுதி முடித்திருந்த பெண், என் முன்னிலையில் இடது கைக் கட்டைவிரலை மையில் ஒற்றி ரேகை வைத்தாள்.

நாலு மணிக்கு அலுவலகம் திரும்பினேன். சென்ற மாதத்துக்கான பேட்ஜ் அறிக்கை மேசை மேல் இருந்தது. அதில் பட்டாணியின் பெயருக்கு நேரே சைபர் என்று அச்சாகியிருந்தது. கீழே நான் கையெழுத்திட வேண்டிய இடம் காலியாக இருந்தது. நான் அதில் கையெழுத்திடவில்லை.

இந்த வாக்குமூலத்தில் கையெழுத்திடுகிறேன். மேலே உள்ளவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டு, நானும் ஒருமுறை படித்துப் பார்த்தவை. எல்லாம் உண்மை. என் இருபத்திரண்டு கையெழுத்துகளைப் பற்றிச் சொன்னதும் உண்மை.

(ஒப்பம்)
பயிற்சி ஒருங்கிணைப்பாளர்