தலைகீழ் மாங்காய்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான், தனியாளாகக் கிண்டியில் வெல்டிங் பட்டறை போட்டேன். அடையாறில் பாதி வீட்டு ஜன்னல் கிரில் என் கைவேலை. நேற்று தி.நகர் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் போனில் தன் ஓவியத்தைக் காட்டினாள்.

"காலேஜ்ல ரோம் கூட்டிட்டுப் போனாங்கல்ல, அங்க ஒரு பால்கனி கிரில்லைப் பார்த்து வரைஞ்சதுடி. கண்காட்சிக்கு எடுத்துட்டாங்க."

"இன்னாடி கத வுடுற? இந்தத் தலைகீழ் மாங்கா டிசைன் உங்க அடையாறு வீட்டு ஜன்னல்லயே கீதே!"

"ஐயே, அது எவனோ வெல்டர் தப்பா வச்சது."

தப்பாவா? மழைத்தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கக் கூடாதென்று, மாங்காயைக் கவிழ்த்து வைப்பவன் அடையாறிலேயே நான் ஒருவன்தான். அந்தப் படத்துக்குக் கீழே ரோமுக்கு முன்னால் என் பெயரைப் போடட்டும்.