ஆரணித் தெருவில் ஒலித்த துறைமுக அறிவிப்பு

என் பெயர் ஆரோக்கியசெல்வி, வயது 36, தகப்பனார் பெயர் சாலமோன். என் தகப்பனார் வீடு ஆரணி சர்ச் தெருவில் உள்ளது. நான் வேலை நிமித்தம் மீஞ்சூரில் வாடகை வீட்டில் குடியிருந்து வருகிறேன். வடகடல் துறைமுக நிறுவனத்தின் அவசரகாலத் திட்டப் பிரிவில் உதவி அலுவலராக இருக்கிறேன். இந்த வழக்கில் எதிரியாகக் காட்டப்பட்டுள்ள டேனி என் உடன்பிறந்த தம்பி. புகார் கொடுத்துள்ள பிரபாகரனையும் அவருடைய தாயார் முனியம்மாளையும் ஒரே தெருக்காரர்கள் என்பதால் சிறு வயது முதல் எனக்குத் தெரியும்.

எங்கள் துறைமுகத்தில் கப்பலில் அம்மோனியா வந்து இறங்குகிறது. அது கசிந்தால் சுற்றியுள்ள குப்பங்களில் இருப்பவர்களுக்கு என்ன சொல்வது என்று எழுதுவதும், ஒத்திகை நாளில் அதை ஒலிபரப்பிப் பார்ப்பதும் என் வேலை. முதல் ஒத்திகையில் "காற்று வீசும் திசைக்குக் குறுக்காக வெளியேறவும்" என்று வாசித்தேன். ஒத்திகை முடிந்ததும் எத்தனை பேருக்குப் புரிந்தது என்று அறிய ஆசைப்பட்டு வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஒரு அம்மாள், ரோட்டைக் குறுக்கே தாண்டச் சொன்னார்கள் என்று நினைத்து எதிர் வீட்டில் போய் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். அதன் பிறகு நான் எழுதிய வாக்கியங்களை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, அந்த ஜனங்கள் பேசுகிற பேச்சிலேயே புதிதாக எழுதினேன். கடலிலிருந்து வரும் காற்றை அங்கே கொண்டல் என்பார்கள். கொண்டல் அடிக்கும்போது வாயு மேற்கே ஊருக்குள் போகும் என்பதால், "கொண்டல் அடிக்குது. மேக்கே ஓடாதீங்க. வடக்கே ரயில் கேட்டுப் பக்கம் போங்க. பெரியவங்கள கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போங்க" என்று என் குரலிலேயே பதிவு செய்தேன். அடுத்த ஒத்திகையில் குப்பத்து ஜனங்கள் யாரும் வழி கேட்காமல் ரயில் கேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

என் தம்பி டேனி ஆட்டோவில் மைக் செட் கட்டி, பட்டுப்புடவைக் கடைத் தள்ளுபடி, சாவு அறிவிப்பு முதலியவற்றை ஊருக்குள் சொல்லிக்கொண்டு போகும் தொழில் செய்கிறான். ஓடுகிற வண்டியிலிருந்து கேட்டால் என் பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அந்தப் பதிவை நான்தான் அவனுடைய செல்போனுக்கு அனுப்பினேன். அவன் ஆட்டோவில் போட்டுக் கேட்டுவிட்டு, கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொன்னான். அதன்படி மீண்டும் பதிவு செய்து அதையும் அனுப்பினேன். ஆரணியில் ஒலித்தது அந்த இரண்டாவது பதிவு.

டேனியின் மகளுக்கு ஞானஸ்நானம் என்பதால் நான் லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தேன். மறுநாள் திங்கட்கிழமை காலை சமையல் கட்டில் இருந்தபோது மூக்கில் சுருக்கென்று ஒரு நெடி ஏறியது. எனக்கு அது என்ன என்று உடனே தெரிந்தது. ஆனால் கடல் இல்லாத ஊரில், பட்டுத் தறி ஓடுகிற ஊரில், அது எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை. அதன் பிறகு மாடிக்கு ஏறி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகள் எந்தப் பக்கம் பறக்கின்றன என்று பார்த்தேன். எல்லாம் தெற்கே பறந்தன. காற்று வரும் வடக்குப் பக்கத்தில் ஜெகநாதன் என்பவரின் ஐஸ் கம்பெனி இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஐஸ் தயாரிக்கவும் அம்மோனியா வேண்டும் என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். ஆனால் எங்கள் தெருவுக்குப் பின்னால் அது இருக்கும் என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. உடனே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து, இன்ன இடம், இன்ன வாயு, காற்று இன்ன பக்கம் என்று சொன்னேன். அவர்கள் கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

போனைக் கீழே வைக்கும்போது தெருவில் யாரோ ஒரு பெண் ஒலிபெருக்கியில் பேசுவது கேட்டது. நிதானமாகப் பேசுகிறாரே, யார் இவர் என்று நான் நின்று கேட்டேன். "பெரியவங்கள கையப் பிடிச்சி" என்ற இடத்தில் மூச்சு வாங்கியபோதுதான் அது நான் என்று எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு செருப்புப் போடாமல் கீழே ஓடினேன். தெருவில் வீட்டுக்கு இரண்டு பேராவது வெளியே வந்து நின்றிருந்தார்கள். கொண்டல் என்றால் யார், ரயில் கேட்டு நம் ஊரில் எங்கே இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருக்க வேண்டும். என் குரல்தான் அவர்களை வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. நான் ஆட்டோவை மறித்து நிறுத்தி, பதிவை அணைத்துவிட்டு மைக்கை வாங்கினேன். "எல்லாரும் வூட்டுக்குள்ள போங்க. ஜன்னல், கதவு எல்லாம் சாத்துங்க. துணிய நனைச்சி மூஞ்சில கட்டிக்கோங்க. வடக்கால யாரும் போவாதீங்க" என்று சொல்லிக்கொண்டே தெரு முனை வரை போனேன். ஜனங்கள் உள்ளே போய்விட்டார்கள்.

அதன் பிறகு டேனியின் முகம் சரியில்லாததைப் பார்த்து, நான் நிறுத்துவதற்கு முன்னால் இதைக் கேட்டு யாராவது கிளம்பிப் போனார்களா என்று கேட்டேன். அவன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, "முனியம்மா அத்தை வடக்கு எந்தப் பக்கம்டான்னு கேட்டாங்கக்கா. நான்தான் கைய காட்டினேன்" என்றான்.

வடக்கே போகும் சந்தில் நெடி தாங்க முடியாமல் இருந்தது. நானும் டேனியும் நனைத்த துண்டைக் கட்டிக்கொண்டு சந்து முனை வரை போனோம். அதற்கு மேல் போக முடியவில்லை. அப்போது வந்து சேர்ந்த தீயணைப்பு வீரர்களிடம் சொன்னோம். அவர்கள் முகமூடி போட்டு உள்ளே போய், ஐஸ் கம்பெனி கேட்டுக்கு எதிரில் கால்வாய்ப் பலகையின் மேல் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த முனியம்மாளைத் தூக்கிவந்தார்கள். அவர் மடியில் சுற்றி முடிக்காத பட்டுநூல் உருண்டை அப்படியே இருந்தது. குழாயடியில் உட்காரவைத்து நான் அவர் கண்களில் விடாமல் தண்ணீர் ஊற்றினேன். அதற்குள் மற்ற வீரர்கள் ஐஸ் கம்பெனி வால்வை மூடிவிட்டார்கள். அதன் பிறகு ஆம்புலன்ஸில் அவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வேறு யாருக்கும் பெரிய பாதிப்பு இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

டேனி எந்தக் கெட்ட எண்ணத்தில் அதை ஒலிபரப்பினான் என்று விசாரணை அதிகாரி கேட்டார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நெடி வந்ததும் ஜனங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தேடியிருக்கிறான். இந்த ஊருக்கு என்று எழுதிய அறிவிப்பு எதுவும் அவனிடம் இல்லை. யாரிடமும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. கையில் இருந்தது அக்காவின் குரல், அதைப் போட்டான். நான் வீட்டில்தான் இருந்தேன், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்றதற்கு, "உன் பேச்சுதானக்கா, உன்ன எதுக்குக் கேக்கணும்னு நெனச்சேன்" என்றான்.

அந்தப் பதிவில் தவறு உண்டா என்றும் கேட்டார்கள். எந்த இடத்துக்கு எழுதினேனோ அந்த இடத்தில் அது தவறு இல்லை.

நேற்று மருத்துவமனைக்குப் போய் முனியம்மாளைப் பார்த்தேன். பிரபாகரன் என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். முனியம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. பார்வை திரும்பும், நாளாகும் என்று டாக்டர் சொன்னார். அறிவிப்பில் அவருக்கு என்ன புரிந்தது என்று வழக்கம்போலக் கேட்டேன். கொண்டல் புரியவில்லை, ரயில் கேட்டு புரியவில்லை, வடக்கு மட்டும் புரிந்தது என்றார். புரியாதபோது எதற்காகப் போனீர்கள் என்றேன். "அந்தக் கொரலு அவ்ளோ அக்கறையா சொல்லிகினு போச்சு. பெத்தவங்க சொல்ற மாதிரி. அதான் போனேன்" என்றார்.

அது என் குரல்தான் என்று சொன்னேன். அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தபா சொல்லு, கேக்கலாம் என்றார். பதிவில் இருந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குள் போங்கள், கதவைச் சாத்துங்கள் என்று ஆட்டோவில் சொன்னதைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இத மொதல்லயே சொல்லியிருந்தா கதவ சாத்தினு உள்ளயே இருந்திருப்பனே செல்வி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

ஒலிபரப்பியவன் என் தம்பி. சொன்னது நான். இரண்டையும் பதிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் உள்ளது. யார் வற்புறுத்தலும் இல்லாமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
சா. ஆரோக்கியசெல்வி
ஆரணி